புள்ளி அக்காவின் கண்

புள்ளி அக்காவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் நான் இதைச் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறாகச் சொன்னேன், அதுவும் ஊர் கேட்கும்படி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

நான் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவள். பன்னிரண்டு தலை மெஷின். தலைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சட்டை மாட்டி பொத்தானை அழுத்தினால், பன்னிரண்டு ஊசியும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் தைக்கும். ஊசி எங்கே இறங்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று புள்ளி புள்ளியாக மெஷினுக்குச் சொல்வது ஒரு ஃபைல். அந்த ஃபைலைச் செய்கிற வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். எங்கள் பட்டறைக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சிங் செய்து தருகிறவர் புள்ளி அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்யும். பட்டறையில் அதை யாரும் கேட்டதில்லை.

அவர் பட்டறைக்கு வந்தது நூல் வெட்டும் வேலைக்கு. தைத்து முடிந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கோலால் நறுக்குகிற வேலை. ஆறு வருஷம் அதைச் செய்தார். ஒருநாள் முதலாளியிடம் போய், இந்த எழுத்தில் நாற்பது தையல் வீணாக இருக்கிறது, எடுத்துவிட்டால் நூலும் மிச்சம், எழுத்தும் படிந்து நிற்கும் என்றார். அப்போது பஞ்சிங் செய்துகொண்டிருந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தாராம். முதலாளி சிரிக்கவில்லை, எடுத்துப் பார்த்தார். எழுத்து படிந்து நின்றது. அடுத்த மாதம் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கணவர் விபத்தில் போன பிறகு, பள்ளிக்கூடம் போகிற மகளைத் தனியே விட முடியாது என்று வேலையை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். தினமும் நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போவேன், வருவேன்.

அக்காவுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. அவர் வீட்டு மாடிப்படி பதினேழு. எங்கள் தெருவில் நாய்கள் ஒன்பது, அதில் ஒன்று நொண்டி. ஒருமுறை என் நாத்தனாரைப் பற்றி அரைமணி நேரம் அவரிடம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே விஷயத்த நாலு தடவ சொல்லிட்ட" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன ஆறுதல்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவார்: என்ன படம், எத்தனை தையல், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தார். அப்படி முப்பத்தொரு நோட்டு அலமாரியில் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த தப்பு இரண்டே இரண்டு. இரண்டும் எந்தத் தேதியில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பட்டறையில் யாராவது ஒரு வேலையைத் துல்லியமாகச் செய்தால், என்ன, புள்ளி அக்கா மாதிரி ஆயிட்ட என்று கிண்டல் செய்வோம். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. வேறு சொத்து எதுவும் அவருக்கு இல்லை.

மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். இந்த வருஷத் தொடக்கத்தில் மகளும் மாப்பிள்ளையும் அக்கா வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார்கள். மகளுக்கு மருந்துக்கடையில் காலை வேலை. மாப்பிள்ளைக்குப் பார்சல் கிடங்கில் வேலை, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். நல்ல மாதிரிதான் பேசுவார். வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மூளைச் சில்லை, அதைச் செய்த கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. யாருடையது அதிக வேகம் என்று சிநேகிதர்களோடு போட்டி. திரையில் வருகிற எண்ணைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். குடிவந்த மறுவாரமே, "அத்தை, உங்க கம்ப்யூட்டர் நடந்து போகுது, நான் ஓட வெச்சுத் தரேன்" என்று உட்கார்ந்துவிட்டார். பகலில் அத்தையின் பஞ்சிங், சாயங்காலம் இவருடைய விளையாட்டு. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில்தான்.

அக்காவுக்கு அதில் பெருமைதான். ஒரு ஃபைல் சேமிக்க நாலு நிமிஷம் ஆனது இப்போது மூன்று நிமிஷம் என்று என்னிடம் சொன்னார். மாப்பிள்ளையும் நான் போனபோது விளக்கினார். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயராம். கம்பெனிக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகளாம், சில்லுக்குள் இருக்கிற தெம்பைப் பூட்டி வைத்துவிடுகிறார்களாம். இவர் அதைத் திறந்து நாலில் ஒரு பங்கு ஏற்றியிருக்கிறாராம். நான் தலையை ஆட்டினேன். பன்னிரண்டு தலை மெஷினை ஓட்டுகிறவள், இருக்கிற ஒரு தலையை நன்றாக ஆட்டினேன்.

அடுத்த மாதமே முதல் தப்பு வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீருடை. சட்டைப் பையின் மேல் ஒரு விளக்கு, அதைச் சுற்றி எழுத்து. நன்றாகத் தைத்துக்கொண்டு வந்த மெஷின், விளக்கு பாதி முடிந்த நேரத்தில் ஒரு சாண் தூரம் பாய்ந்து காலர் பக்கத்தில் ஊசியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. பன்னிரண்டு தலை என்பதால் பன்னிரண்டு சட்டையும் ஒரே நொடியில் பாழ். ஃபைலைப் பார்த்தால் ஒரு புள்ளி எங்கேயோ கிடக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னார். அக்கா நோட்டில் தேதி போட்டு, மூன்றாவது தப்பு என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் இன்னொன்று. ஓர் எழுத்தின் கால் பாதியில் நின்றது. என் திரையில் சரியாகத்தான் இருந்தது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அதற்கு முதலாளி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி வாயை அடைத்தார். இருபத்திரண்டு வருஷம் ஆடியவரைப் பார்த்து அந்தப் பழமொழி. கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது என்பதில் எல்லோருக்கும் அவ்வளவு உறுதி. மனுஷிதான் செய்வாள், அதுவும் ஐம்பத்துமூன்று வயது மனுஷி.

மூன்றாவது ஃபைல் என் விரலைப் பதம் பார்த்தது. ஊசி எதிர்பாராத பக்கம் பாய்ந்து, துணியை இறுக்கிப் பிடிக்கிற ஃபிரேமில் மோதி உடைந்து, முனை என் விரலில் ஏறியது. வலியில் நான் கத்தினேன். மெஷின்கள் ஓடும்போது எங்கள் பட்டறையில் சாதாரணமாகப் பேசினாலே கத்தித்தான் பேச வேண்டும். நான் அதற்கும் மேலே கத்தினேன்: "புள்ளி அக்காவுக்குக் கண்ணு போச்சு. கண்ணு தெரியாதவங்க கையில ஃபைலக் குடுத்தா இப்படித்தான் ஆகும்." நாற்பது பேர் வேலை செய்கிற இடம். நாற்பது பேருக்கும் கேட்டது. ஒருத்தி சிரித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு அக்கா வீடுவரை போய்விட்டது.

மறுநாள் மாப்பிள்ளை அவரை பைக்கில் உட்கார வைத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். கால் பவர் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கால் பவர் கூடித்தான் இருக்கும். மாப்பிள்ளை புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார், தடித்த பழுப்பு ஃபிரேம். அத்தையை நான்தான் டாக்டரிடம் காட்டினேன் என்று தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில் எழுதத் தெருவும் தயாராக இருந்தது. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றார்கள்.

அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். கெட்டுப்போன மூன்று ஃபைலும் பகல் பன்னிரண்டுக்கு மேல் முடித்தவை. காலையில் செய்தது ஒன்றும் கெடவில்லை. அதை மாப்பிள்ளையிடம் சொன்னாராம். "மத்தியானத்துக்கு மேல கண்ணு களைச்சுப்போகும் அத்தை, அதான்" என்றாராம் அவர். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்த்தார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒருநாள் நான் போனபோது மாடிப்படியை எண்ணிக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பதினேழுதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அதையும் நம்பவில்லை என்று தெரிந்தது.

நாலாவது ஃபைல் போன வியாழக்கிழமை கெட்டது. அதே ஆஸ்பத்திரி விளக்கு, வேறு பிரிவுக்கு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமையிலிருந்து வேறு ஆள் பஞ்சிங் செய்வார், அந்த அம்மாவிடம் பதமாகச் சொல்லிவிட்டு வா என்றார். பதமாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் என்னை அனுப்பினார். உச்சி வெயிலில் போனேன். போகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், அக்காவையும் திட்டினேன். ஏன் இந்த வயதில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு என்னை இந்தத் தூது போக வைக்கிறார் என்று.

அக்கா வேலை செய்வது முன்னறையில். ஒரே ஜன்னல், மேற்குப் பார்த்தது. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர். அதன் விசிறி மிக்ஸி ஓடுகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அக்கா புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் அழுவார், முதலாளியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: நாலாவது ஃபைலைப் போட்டபோது உன் மெஷின் எத்தனை தையல் என்று காட்டியது?

பதினெட்டாயிரத்து நானூற்று ஒன்பது என்றேன். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. திரையைப் பார்த்து எழுதும்போது மாறியிருக்கும் அக்கா என்று நான் சொன்னேன்.

"கண்ணு போயிருக்கலாம். எண்ணிக்க போகல" என்றார்.

பிறகு எழுந்து போய் ஒரு துண்டை எடுத்து வந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை மடித்துக் கண்ணைக் கட்டி, பின்னால் முடிச்சுப் போடச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். விளக்குப் படம் திரையில் இருக்கிறது. அதை அவர் தொடப்போவதில்லை. சேமி என்ற பட்டனை மட்டும் அழுத்துவார். அது விரலுக்கே தெரியும். படத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் புள்ளிகளாக மாற்றி ஃபைல் செய்வது கம்ப்யூட்டரின் வேலை. செய்த ஃபைலை நான் திறந்து, எத்தனை தையல் என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இப்படிப் பத்து தடவை.

முதல் தடவை பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது, மூன்றாவது, அதேதான். நாலாவதில் நானூற்று ஒன்பது என்று வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். ஐந்தாவதும் ஆறாவதும் மறுபடி பன்னிரண்டு. ஏழாவது நானூற்றுப் பதினைந்து. ஒன்பதாவதில் எண் சரியாக இருந்தது, ஆனால் விளக்கின் சுடரிலிருந்து ஒரு நூல் படத்துக்கு வெளியே போய்த் தொங்கியது. ஒரே படம். ஒரே பட்டன். தொட்டது கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் ஒரு விரல். பத்தில் மூன்று தப்பு.

அக்கா துண்டை அவிழ்த்தார். நான் எழுதியதை மேலிருந்து கீழாகப் படித்தார். "நான் கண்ணக் கட்டிட்டு இருந்தேன். இப்பச் சொல்லு, யாருக்குக் கண்ணு தெரியல?" என்றார்.

நான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். விசிறி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மெஷினின் மேல் ஒரு தகடு இருக்கிறது. நிமிஷத்துக்கு எண்ணூற்றைம்பது தையல், அதற்கு மேல் வேண்டாம் என்று செய்தவர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள். அவசர வேலை என்றால் முதலாளி ஆயிரத்தில் வை என்பார். வைத்தால் ஓடும். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், ஒன்றும் தெரியாது. சூடு ஏறிய பிறகு ஏதாவது ஓர் ஊசி ஒரு தையலைத் தவறவிடும். மெஷின் நிற்காது, மணி அடிக்காது. தப்பாகத் தைத்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதற்காக நான் முதலாளியோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். பதினாறு வருஷம் மெஷின் ஓட்டியவள், மாப்பிள்ளை நாலில் ஒரு பங்கு ஏற்றியிருக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா? மேற்கு ஜன்னல், மத்தியான வெயில், மிக்ஸி மாதிரி விசிறி, எல்லாம் கண்ணெதிரே இருந்தது. கண் தெரியாமல் இருந்தது நான்தான்.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. உட்கார்ந்திருந்தோம்.

மாப்பிள்ளை வந்ததும் அக்கா நோட்டை நீட்டி, பத்து வரியையும் காட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு செய்ததைச் சொன்னார். மாடியிலிருந்து மகளும் இறங்கி வந்து நின்றாள். மாப்பிள்ளை நோட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல அத்தை. மத்தியானச் சூட்டுல மட்டும் கொஞ்சம் தடுமாறும். அப்பவே டெஸ்ட் போட்டுப் பாத்தேன். காலைல பாஸாச்சு, மத்தியானம் எரர்னு வந்துச்சு. கேம் ஆடறதுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது" என்றார்.

பெருமையாகச் சொன்னார். பொறுப்பாகச் சோதித்துப் பார்த்தவன் நான் என்கிற பெருமை. முழுப் பூசணிக்காயை இத்தனை மாதம் சோற்றில் மறைத்து வைத்திருந்தவர், அதைத் தானே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்.

நான் எழுந்துவிட்டேன். மத்தியானம் தடுமாறும் என்று தெரிந்துதான் மத்தியானத்தில் கண் களைத்துப்போகும் என்று அவரிடம் சொன்னீர்களா, தெரிந்துதான் டாக்டரிடம் கூட்டிப்போனீர்களா என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். கண்ணும் பார்க்க வேண்டிய வயசுதானே என்று அவர் பதில் சொன்னார். ஃபைல் கெட்டதற்கு இதுதான் காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். வேகத்தைக் குறைத்தால் போட்டியில் பின்னால் போய்விடுவேனே என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் உண்மை.

மகள் பாவம், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் அம்மா பக்கம் திரும்பினாள். "அவரு நல்லதுக்குத்தான்மா பண்ணாரு. இத வெளிய சொல்லிடாதீங்க. அவருக்கு அசிங்கம்."

"எனக்கு?" என்றார் அக்கா.

 மாப்பிள்ளை சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு, இப்போதே சரிசெய்கிறேன், ஏற்றியதில் பாதியை இறக்கிவிடுகிறேன், அதுவே போதும் என்றார். அக்கா அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எந்தப் பட்டன் என்று நீங்கள் வாயால் சொன்னால் போதும், கையை வைக்க வேண்டாம் என்றார். மருமகன் முகம் பார்த்து இரண்டு வருஷமாக மரியாதையாகப் பேசிய அதே குரலில்தான் சொன்னார். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

அக்கா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். திரை விழிக்கும்போதே டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. அக்கா தட்டினார். நாங்கள் தினமும் பார்க்கிற திரை வரவில்லை. கறுப்பும் சாம்பலுமாக, எண்களாக ஒரு பக்கம் வந்தது. கம்ப்யூட்டரின் அடிப்படைக் கட்டளைகள் இருக்கிற இடமாம் அது.

"கம்பெனி வெச்ச வேகம் எது?"

"அது ரொம்பக் கம்மி அத்தை, நடுவுல ஒண்ணு வெச்சா..."

"எதுன்னு கேட்டேன்."

டீஃபால்ட் என்று ஒரு வரியைக் காட்டினார். அதை அழுத்தினால், ஏற்றியது எல்லாம் போய் கம்பெனி அனுப்பியபோது இருந்த நிலைக்கு வந்துவிடும். அக்கா அழுத்தினார். கம்ப்யூட்டர் உடனே மாற்றிவிடவில்லை. என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு பட்டியலைப் போட்டு, சம்மதமா என்று கேட்டது. அக்கா எண்ணினார். பதினொன்று.

வேகம் ஒன்றை மட்டும்தான் மாற்றியிருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பதினொரு வரியையும் நோட்டில் எழுதினார். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு இது என்ன என்று கேட்டார். மாப்பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது. இது வேகம். இது சில்லுக்குப் போகும் மின்சாரம், அதையும் ஏற்றியிருக்கிறேன். இது நினைவகத்தின் வேகம். எட்டாவது வரிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. சூடு அளவை மீறினால் கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் காவல் அது. அதை அவர் நிறுத்தி வைத்திருந்தார். அதற்குள் சிரிப்பு போயிருந்தது.

அக்கா சம்மதம் என்பதை அழுத்தினார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. விசிறி இரைச்சல் அடங்கியது. அந்த அறையில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் இன்னும் ஜன்னலில்தான் இருந்தது. துண்டை எடுத்து மறுபடி கட்டச் சொன்னார். எதற்கு அக்கா, அதுதான் சரியாகிவிட்டதே என்றேன். கட்டு என்றார்.

இந்த முறை நாலு நிமிஷம் ஆனது ஒவ்வொன்றுக்கும். பத்து தடவை. மகள் எண்ணைப் படித்தாள், நான் எழுதினேன். மாப்பிள்ளையைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பத்தும் பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அக்கா கட்டை அவிழ்த்தார். மேஜையில் இருந்த பழுப்பு ஃபிரேம் கண்ணாடியை அதன் பெட்டிக்குள் வைத்து, மூடி, மாப்பிள்ளையிடம் நீட்டினார். "மத்தியானத்துல போட்டுக்குங்க மாப்ள. உங்களுக்குத்தான் அந்த நேரத்துல தெரிய மாட்டேங்குது" என்றார். அவர் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பதினேழு படியும் எங்கள் காதில் கேட்டது.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நன்றாகக் கொடுத்தீர்கள் அக்கா என்று சொல்லப் போனேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ பட்டறையில என்ன சொன்ன?"

விரலில் ஊசி ஏறிய வலியில் சொன்னது அக்கா என்றேன். என்ன சொன்ன என்று மறுபடி கேட்டார். சொன்னேன், மெல்லிய குரலில். இவ்வளவு சத்தத்தில்தான் அன்றைக்குச் சொன்னாயா என்றார். இல்லை, மெஷின் ஓடும்போது, மெஷினுக்கு மேலே என்றேன். முதலாளியிடம் நாளைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நோட்டையும் காட்டுகிறேன் என்றேன்.

"முதலாளிகிட்ட மட்டும் சொன்னியா அன்னைக்கு? மெஷின நிறுத்தாத. அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல சொல்லு."

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, பன்னிரண்டு தலையும் ஓடிக்கொண்டிருந்தபோது, என் இடத்தில் நின்று கத்தினேன். புள்ளி அக்காவுக்குக் கண் நன்றாக இருக்கிறது, நான் சொன்னது பொய் என்று. யாரும் திரும்பவில்லை. பழி சொன்னால் ஒரே தடவையில் நாற்பது பேருக்குக் கேட்கிறது. இரண்டாவது தடவை நாலைந்து பேர் திரும்பினார்கள். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். அன்றைக்குச் சிரித்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முதலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்தார், மறுபடி ஊசி ஏறிவிட்டதோ என்று.

அவரிடம் நோட்டைக் கொடுத்தேன். முதல் பத்து வரி, பதினொரு மாற்றம், பிறகு பத்து வரி. படித்துவிட்டு, சரி, கம்ப்யூட்டர் கோளாறு என்று விட்டுவிடுவோம், எதற்கு இத்தனை கூச்சல் என்றார். கம்ப்யூட்டருக்குக் கோளாறு ஒன்றும் இல்லை, நீங்கள் என்னை ஆயிரத்தில் ஓட்டச் சொல்கிறீர்களே, அதேதான் இதுவும் என்றேன். அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டார்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார். சனிக்கிழமை வருவதாக இருந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரி வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் அக்கா ஏதோ கேட்டார். முதலாளி என்னைப் பார்த்து, மூணு தடவ என்று போனில் சொன்னார். மறுபடி அவர் ஏதோ சொன்னார். முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டி, என் மெஷினுக்கு நேராகப் பிடித்தார்.

"கெட்டது நாலு ஃபைலாம். இன்னொரு தடவ சொல்லச் சொல்றாங்க" என்றார்.

நான் மூச்சை இழுத்துப் பிடித்து நாலாவது தடவையும் சொன்னேன்.